அம்மாவுக்கு எடுத்து வைத்த துண்டு

கனகலிங்கம் அண்ணை மீன் தொடுவதில்லை. லண்டன் டூட்டிங்கில் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் அவருக்கென்று மரக்கறிச் சாப்பாடு தனியாக வரும். பழுத்த சைவம் என்று சனம் மரியாதையும் கொடுக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோலியர்ஸ் வுட்டில் ஒரு பெற்றோல் நிலையத்தில் அவரோடு வருடக்கணக்காக ஒரே ஷிப்டில் நின்றவன் நான். வீட்டில் கணவாய் மீன் கறி என்றால் என் தலையில் வேலையைக் கட்டிவிட்டு ஓடிய மனிதர் அவர்.

எண்பத்தாறில் அகதியாக வந்தவர். தாய்க்கு ஒரே பிள்ளை. தாய் யாழ்ப்பாணத்தில் தனியே. வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே யோசனைதான், தாயை இங்கே கூப்பிட வேண்டும். தொண்ணூற்றைந்தில் அதற்கு வழி பிறந்தது. சின்ன அறைக்கு வெள்ளை அடித்தார். ஹீட்டர் வாங்கினார். கம்பளிக் காலுறைகளைக் கட்டிலில் எடுத்து வைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்.

அந்த ஒக்டோபர் முடிவில்தான் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. மழைக்குள் சனத்தோடு சனமாகத் தென்மராட்சிப் பக்கம் நடந்த தாயைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எப்படியாவது கொழும்புக்கு வந்துவிட்டால் போதும். ஷிப்ட் முடிந்ததும் கொழும்பிலிருந்த ஒன்றுவிட்ட தம்பிக்குப் போன் எடுப்பார்.

“அம்மா வந்திட்டாவோ?”

“இன்னும் இல்லை அண்ணை.”

நவம்பரில் ஒரு புதன்கிழமை அந்தத் தம்பியே போன் எடுத்தார். கனகலிங்கம் வேலையில் நின்றதால் மனைவி தவநாயகிதான் கதைத்தார். தாய் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்து, காய்ச்சலில் செத்துப்போனாராம். கூட இருந்தவர்களே எரித்துவிட்டார்களாம். தவநாயகி உடனே தன் அண்ணன் பாலேந்திராவுக்குச் சொன்னார்.

பாலேந்திரா டூட்டிங்கில் கடை வைத்திருப்பவர். அந்தச் சனிக்கிழமை அவருக்கு ஐம்பதாவது பிறந்தநாள். ஸ்கொட்லாந்து எல்லையில் ட்வீட் ஆற்றில், வெள்ளைக்கார வழிகாட்டி ஒருவரை வைத்துக் குடும்பமாகச் சாமன் மீன் பிடிக்கப் போகிறோம் என்று கடைக்கு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லி முடித்திருந்தார். இத்தனைக்கும் சாமனை அவர் டின்னுக்குள் மட்டும்தான் கண்டிருக்கிறார். குடித்துவிட்டுக் கார் ஓடியதில் லைசன்ஸ் பறிபோயிருந்தது. குடும்பத்தை ஏற்றிப்போக, வான் ஓட்ட இருந்த ஒரே ஆள் கனகலிங்கம்.

“எரிச்சு முடிஞ்சுதுதானே. இவர் இப்ப அறிஞ்சு என்ன செய்யப்போறார்?” என்றார் பாலேந்திரா. “இவர் வராட்டி ஆர் வான் ஓடுறது? போயிட்டு வந்து ஆறுதலாச் சொல்லுவம்.”

“ஓம் அண்ணை,” என்றார் தவநாயகி. இதையெல்லாம் பாலேந்திராவின் மனைவி கலாவதி பிறகு ஏதோ பகிடிபோல எங்களுக்குச் சொன்னார்.

கொழும்புத் தம்பியின் வாயையும் கட்டினார்கள். வியாழக்கிழமையும் கனகலிங்கம் போன் எடுத்தார். “இன்னும் இல்லை அண்ணை,” என்று அந்தத் தம்பி கூசாமல் சொன்னான். அவனையும் நான் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கனகலிங்கம் வான் ஓடினார். தன் தாய் செத்துவிட்டார் என்று வானுக்குள் அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. அடுத்த நாள் ஆற்றங்கரையில் பாலேந்திரா வீசிய தூண்டில் ஒருதரம் மரத்தில் மாட்டியது, இன்னொருதரம் அவருடைய தொப்பியிலேயே மாட்டியது. பிறகு அவர் விஸ்கியோடு கதிரையில் சாய்ந்துவிட்டார். சும்மா நின்ற கனகலிங்கத்தின் கையில் வழிகாட்டி தூண்டிலைக் கொடுத்து, இடுப்பளவு தண்ணீரில் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். மத்தியானத்துக்குப் பிறகு மீன் மாட்டியது. விடு என்றபோது நூலை விட்டு, இழு என்றபோது இழுத்து, அதைக் கரை சேர்த்தார்.

“நல்ல சகுனம் அத்தான்,” என்றார் பாலேந்திராவிடம், மூச்சு வாங்க. “அம்மா வந்திடுவா.”

கலாவதி ஆற்றைப் பார்த்தார்.

“மீனைத் தூக்கிப் பிடியும் மச்சான், படம் எடுப்பம்,” என்றார் பாலேந்திரா.

அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். மீனை அணைத்துக்கொண்டு அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிறார். பக்கத்தில் தவநாயகியும் சிரிக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கோலியர்ஸ் வுட்டில் கனகலிங்கம் வீட்டில் மீன் சமையல். பாலேந்திரா குடும்பமும் சாப்பாட்டுக்கு நின்றது. தவநாயகி பொரித்துக்கொண்டிருக்கக் கனகலிங்கம் அடுப்படிக்குப் போனார்.

“தவம், நடுத்துண்டு ஒண்டை அம்மாவுக்கு எடுத்து வையும். பிரீசருக்குள்ள கிடக்கட்டும்.”

தவநாயகி மறுபேச்சில்லாமல் ஒரு துண்டை ஆற வைத்தார்.

எல்லோருக்கும் மீன் பரிமாறிவிட்டு, தவநாயகி தனக்குச் சோற்றோடும் பருப்போடும் வந்து இருந்தார்.

“நீர் மீன் போடேல்லையோ?”

“வயிறு சரியில்லை.”

“பருப்புக்கு மட்டும் சரியோ?” என்று கனகலிங்கம் பகிடி விட்டார். அதோடு அவருடைய கை நின்றது. வியாழக்கிழமை அவருக்கு நண்டுக் கறி போட்டுவிட்டுத் தவநாயகி ஊறுகாயோடு சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. சாமிப் படத்தைத் திரும்பிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. எண்ணெய் முடிந்துவிட்டது என்று தவநாயகி சொல்லியிருந்தார். ஆனால் அடுப்படியில் நல்லெண்ணெய்ப் போத்தல் நிறைய இருந்ததைச் சற்றுமுன்தான் அவர் கண்டிருந்தார்.

எங்கள் வீடுகளில் செத்த துடக்கு என்றால், அந்தத் தீட்டுக் கழிய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை மீனும் இல்லை, சாமிக்கு விளக்கும் இல்லை. தவநாயகி மாமிக்காக அதைப் பிசகாமல் காத்திருக்கிறார். புருசனை ஏமாற்றலாம், சாமியை ஏமாற்றப் பயம். இப்படியும் ஒரு பக்தி.

“ஆர் செத்தது, தவம்?”

தவநாயகி பருப்பைப் பிசைந்தார்.

“அம்மாவோ?”

“புதன்கிழமை போன் வந்தது,” என்றார் தவநாயகி.

“கொள்ளி ஆர் வைச்சது?”

“தெரியாது. பக்கத்தில இருந்த ஆரோ.”

“சாப்பாட்டில இருந்து எழும்பாதையும் மச்சான்,” என்றார் பாலேந்திரா, வாய் நிறைய மீனோடு.

கனகலிங்கம் மனைவியிடம் இன்னும் ஒன்றுதான் கேட்டார். “அறிஞ்ச நேரம் தொட்டு நீர் மீன் மச்சம் தொடேல்லை. எனக்கு மட்டும் ஏன் போட்டனீர்?”

“உங்களுக்குத் தெரியாதுதானே. தெரியாமல் சாப்பிட்டால் தோஷமில்லை எண்டு அண்ணை சொன்னவர்.”

அவர் எழும்பி அடுப்படிக்குப் போனார். தாய்க்கென்று ஆற வைத்திருந்த துண்டை எடுத்துவந்து மனைவியின் பருப்புச் சோற்றின்மேல் வைத்தார்.

“உமக்குத் தெரியும்தானே,” என்றார். “சாப்பிடும்.”

தவநாயகி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சாப்பாட்டுக் கோப்பையில் முள் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணீர் சோற்றில் விழ விழ, தவநாயகி ஒரு விள்ளல் கிள்ளி வாயில் வைத்தார். கனகலிங்கம் பக்கத்தை விட்டு அசையவில்லை.

“அது அம்மாவின்ர துண்டு. மிச்சம் விடாதையும்.”

தவநாயகி மிச்சம் விடவில்லை.