உயிருள்ள நம்பர்

பிள்ளைகளின் காதுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கி, பின்புறத்தை ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார் தலையெண்ணி. குழாயடியில் வரிசை நீண்டிருந்தது. "என்னடா இது, விதை போட்டா முளைச்சிடும் போலிருக்கே. கழுத்த நீட்டு. இன்னும் நீட்டு." முகத்தை யார் வேண்டுமானாலும் கழுவிவிடலாம், ஏழ்மை காதுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும் என்பது அவர் கட்சி. அன்று பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வெள்ளைக்காரத் துரை வருகிற நாள்.

அவர் எங்கள் பள்ளிக்கூடத்துப் பியூன். படியில் கிடக்கும் செருப்பு, கூரையில் உட்காரும் காக்கை, எதைக் கண்டாலும் விரலை நீட்டி எண்ணுவார். பிள்ளைகள் வைத்த பெயர் தலையெண்ணி. "எண்ணிட்டா மனசுக்கு ஒரு நிம்மதி சார்" என்பார். சின்ன வாத்தியாரான எனக்கும் சேர்த்துச் சோறு போடுவது அந்த எண்ணிக்கைதான். பெஞ்சில் இருக்கும் தலைக்கு இவ்வளவு என்று சர்க்கார் மானியம் தருகிறது. பதிவேட்டில் நாற்பது பேர், வருவது இருபத்தாறு. மீதிப் பேர் படிப்பை நிறுத்தியவர்கள், காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர்கள். அந்தப் பதினாலு இடத்துக்கும் பின் சந்திலிருந்து பிள்ளைகளைப் பிடித்து வந்து, குளிப்பாட்டி, பள்ளிக்கூடத்துச் சட்டையை மாட்டி உட்கார வைப்பது அவர் பொறுப்பு.

சந்துப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் படிப்பு. மறுநாள் ஆசைப்பட்டு வந்தால் இதே மனிதர் வாசலில் கையை நீட்டி மறிப்பார். "பள்ளிக்கூடச் சம்பளம் கட்டாம உள்ள போக முடியாது. நானா சட்டம் போட்டேன்? போ, போ." துரத்திவிட்டு வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவருக்குப் பத்து வயதில் ஒரு மகள். காலையில் அப்பாவோடு வந்து தாழ்வாரத்தைப் பெருக்குவாள், கரும்பலகையைத் துடைப்பாள். துடைப்பதற்கு முன் அதில் இருப்பதைப் படித்துவிடுவாள். மூன்று வருஷத்தில் இப்படியே வாசிக்கக் கற்றுக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அந்த நல்ல பெயர் சேராது.

துரை வருகிற நாளில் அவளும் அந்தப் பதினாலு பேரில் ஒருத்தி. பதிவேட்டின் காலி நம்பர்களைப் பங்கிடுவதும் தலையெண்ணிதான். "நீ எட்டு. நீ பன்னெண்டு. மறந்தா தொலைஞ்ச." பெரும்பாலும் செத்துப்போன பிள்ளைகளின் நம்பர்கள். மகளுக்கு மட்டும் அப்படி ஒன்றைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "செத்த பிள்ளை நம்பர எம் பொண்ணு தலையில கட்டுவேனா சார்?" என்று என்னிடம் ஒருமுறை மெல்லச் சொன்னார். ஜவுளிக்கடைக்காரரின் மகள் எழுத்து ஏறாமல் மூன்று வருஷத்துக்கு முன்பே நின்றுவிட்டாள். வீட்டில் கொழுகொழுவென்று இருக்கிறாள். அவளுடைய இருபத்து மூன்றைத் தன் மகளுக்குக் கொடுத்தார். வருஷா வருஷம் அதே நம்பர்.

துரைகள் பின் பெஞ்சு வரை வந்ததில்லை. முன் வரிசையோடு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பிவிடுவார்கள். இந்த வருஷம் வந்தவர் புதுசு, நேரே பின்னால் போய்விட்டார். புத்தகத்தைத் தலையெண்ணியின் மகளிடம் நீட்டி, விரலால் ஓர் இடத்தைக் காட்டினார். யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது என்பது காலையில் குழாயடியில் போட்ட உத்தரவு. அவள் எழுந்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு வாசித்தாள். பக்கம் முடிந்தும் நிறுத்தாமல், தானே தாளைப் புரட்டி அடுத்த பக்கத்தையும் வாசித்தாள். வாசலில் நின்ற தலையெண்ணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. துரை நம்பரைக் கேட்டார். "இருபத்து மூணு" என்றாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. இருபத்து மூன்றாம் நம்பர் மாணவிக்குப் பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் இலவசப் படிப்பு, சாப்பாடு, தங்க இடம். பதிவேட்டில் அந்த நம்பருக்கு நேரே இருந்தது ஜவுளிக்கடைக்காரர் மகளின் பெயர். பெரிய வாத்தியார் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

"உண்மையை எழுதலாம்தான். எழுதினா மத்த பதிமூணு பேரும் யாருன்னு துரை கேட்பான். பள்ளிக்கூடத்த மூடிட்டு நாம எல்லாரும் எங்க போறது?" என்றார் பெரிய வாத்தியார். பிறகு தலையெண்ணியைப் பார்த்து, வருத்தமாகத்தான் சொன்னார்: "நீ செத்த பிள்ளை நம்பரக் கொடுத்திருந்தா யாரு வந்து கேட்கப் போறா? சத்தமில்லாம உன் பொண்ணையே அனுப்பிச்சிருக்கலாம்."

"உசுரோட இருக்கிற நம்பரா பார்த்துக் கொடுத்தேன் சார்" என்று என்னிடம் வந்து சொன்னார் தலையெண்ணி. "நானே கெடுத்துட்டேன்." என் பிழைப்பும் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது. வெட்கமாக இருந்தது, வெட்கப்பட்டுக்கொண்டே சும்மா இருந்தேன்.

போன திங்கட்கிழமை ஜவுளிக்கடைக்காரரின் மகள் புதுத்துணி உடுத்தி வகுப்புக்கு வந்தாள். அடுத்த மாதம் பட்டணம் போகும்வரை முன் பெஞ்சில் இருப்பாளாம். ஆஜர் எடுக்கும்போது "இருபத்து மூன்று" என்றேன்.

"உள்ளேன் ஐயா" என்று இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று முன் பெஞ்சிலிருந்து. இன்னொன்று ஜன்னலுக்கு வெளியே, தாழ்வாரத்திலிருந்து. அங்கே பெருக்குகிற சத்தம் நின்றிருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சுண்ணக்கட்டி எடுத்து வந்த தலையெண்ணி அதை மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். வெளியே பார்க்காமல் இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்தி, கொக்கியை மாட்டினார்.