மணலில் மட்டும் எழும்பியவர்

வெள்ளவத்தைக் கடலில் நான் சர்ஃபிங் பழகிய காலத்தில் ஒருவர் வருவார். மருந்துக்கடையில் வேலை, ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைக் கழற்றி என் செருப்பின் மேல் வைத்துவிட்டு, மணலில் குப்புறப் படுத்து, பலகையில் எழும்புவதுபோல் இருபது தடவை துள்ளி எழும்புவார். அந்த அழகு எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் தண்ணீரில் அவர் ஒருநாளும் பலகைமேல் நின்றதில்லை. கண்ணாடி இல்லாமல் அலை தெரியாது. சத்தத்தை வைத்துத்தான் எழும்புவார். கரையோர ரயில் போனால் அதுவும் கேட்காது.

அவருக்குக் கனடா போக விசா வந்துவிட்டது. மகள் இருக்கும் ஊரில் கடலே இல்லையாம். கடைசிக் காலையிலும் விழுந்து விழுந்து முழங்கைத் தோல் உரிந்துவிட்டது.

"இன்னொருக்கா பாப்பமா அங்கிள்? அலை வரேக்க நான் கத்துறன்."

"வேண்டாம் தம்பி. நீர் கத்தி நான் எழும்பினா, அது நீர் எழும்பின மாதிரித்தானே."

கரைக்கு வந்து, சேர்ட் நுனியால் கண்ணாடியைத் துடைத்தார்.

"அலையில நிக்கேக்க எப்பிடி இருக்கும்? அதையாவது சொல்லும்."

நான் பழகத் தொடங்கிய மூன்றாம் நாளே அலையில் நின்றுவிட்டவன். எவ்வளவு யோசித்தும் அந்த முதல் தடவை ஞாபகம் வரவில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே காத்திருந்தார்.