காப்புக் கட்டிய வாரத்தில் ஒரு பிரசவ வீடு

தோட்டங்களுக்குப் புதிதாக வரும் மிட்வைஃப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "வீட்ல எப்பிடி மிஸ் சமாளிச்சீங்க?" என்பதுதான். யார் சமாளித்தது? ஒரு திருவிழாவில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இலங்கை மலையகத்தில், ஹல்துமுல்லைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. மகன் டெங்குவில் கிடந்து பிழைத்ததற்காக என் கணவர் தீமிதிக்க நேர்ந்து காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டிய வீட்டார் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகக் கூடாது. எனக்கோ அதுதான் வேலையே. அதனால் லீவு போட்டேன். என் ஏரியாவைப் பக்கத்துப் பெரகல ஊர் மிட்வைஃப் பார்ப்பதாக ஏற்பாடு.

தீமிதிக்கு முதல் நாள் மேலே தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து போன். அண்மையில் பிரசவமான செல்வியின் மாமியார் பேசினார். "மிஸ்ஸி, மருமவ காய்ச்சல்ல நடுங்குறா. ரத்தம் ஒரே நாத்தமா போகுதுங்க."

கர்ப்பப்பையில் கிருமி ஏறினால் உயிருக்கே ஆபத்து. பெரகல மிட்வைஃபோ கிளினிக்கில். வீட்டில் ஒருவரிடமும் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டேன்.

செல்வியின் புருஷன், "திருவிழா நேரங்க, நாளைக்குக் கொண்டு போவோமே" என்று இழுத்தான்.

"நாளைக்கு யாரக் கொண்டு போவ?" என்று கேட்டேன். செல்வியைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அம்புலன்ஸில் ஏற்றிவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

எனக்கு முன்னால் செய்தி வீடு வந்திருந்தது. வாசலில் பூசாரி. "மிஸ்ஸி அந்த வீட்டுக்குப் போயிருச்சி. காப்ப அவுத்துருங்க, அடுத்த வருஷம் பாப்போம்" என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் முற்றத்திலேயே நின்றேன். மகனுக்கு வைத்த நேர்த்தியை நானே கெடுத்துவிட்டேனோ என்று தோன்றியது. கணவர் முகத்தில் கோபம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நான் பாதிச் சோற்றில் எழுந்து ஓடிய தீபாவளிகளும் சேர்ந்த கோபம்.

"அந்தப் புள்ள எப்பிடி இருக்கு?" என்றார்.

"பதுளைக்கு அம்புலன்ஸ்ல ஏத்தியாச்சி. பொழைச்சிக்குவா."

பூசாரியிடம் திரும்பினார். "எம் புள்ள பொழைக்கணும்னுதான் ஆத்தாகிட்ட கேட்டேன். இவ இன்னொருத்தர் புள்ள பொழைக்கணும்னு போயிருக்கா. காப்ப அவுக்க மாட்டேன். ஆத்தாவுக்குக் கோவம்னா நாளைக்கு என் காலு சொல்லும்."

எனக்கு அழுகையும் வந்தது, தலையும் நிமிர்ந்தது.

மறுநாள் காலையில் செல்விக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதாகப் போன் வந்தது. அன்றே என் கணவர் தீ மிதித்தார். தீக்குழியிலிருந்து ஏறியதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "கொப்புளம் இருக்கானு பாரு, மிட்வைஃபு" என்று பாதத்தைக் காட்டினார்.

சின்னதாக ஒன்று இருந்தது. "ஒண்ணுமே இல்ல" என்று பூசாரிக்குக் கேட்கும்படி சொன்னேன். வீட்டுக்குப் போய் மருந்து போட்டேன்.

பிள்ளைகளே, போக வேண்டிய வீட்டுக்குப் போய்விடுங்கள். நம் வீட்டுச் சண்டையை வந்து போட்டுக்கொள்ளலாம்.