என் கணவர் காய்ச்சாத பீர்

பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டு கராஜில் பீர் காய்ச்சியது நான். என் கணவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்போது நான் சொன்னது எடுபடவில்லை.

மைக்ரோபயாலஜியில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, வேலை பார்க்க அனுமதி இல்லாத டிபென்டென்ட் விசாவில் வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு ஆபீஸில் யாரோ அவருக்கு பீர் தயாரிக்கும் கிட் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் அதைப் பிரிக்கக்கூட இல்லை. நான்தான் பிரித்தேன். உள்ளே ஈஸ்ட் பாக்கெட்டைப் பார்த்ததும் கை பரபரத்தது.

கோடைக்குக் கோதுமை பீர். ஐசலினில் நம்மூர்க் கடையில் வாங்கிய கொத்தமல்லி விதையை இடித்து, ஆரஞ்சுத் தோலைச் சீவிப் போடுவேன். வெயிலுக்கு லேசாக இறங்கும். இலை உதிரும் மாதங்களுக்கு முளைகட்டி வறுத்த பார்லி மால்ட் போட்டுக் கறுப்பாக ஒன்று. டிசம்பர் வந்தால் லாகர் என்கிற பொன்னிற பீர். அதன் ஈஸ்டுக்குக் குளிரும் வேண்டும், பொறுமையும் வேண்டும். ஹீட்டர் இல்லாத கராஜ் அதற்கு வசதியாக இருந்தது. அதே குளிரில் இட்லி மாவு பொங்காது. அதை ஓவனுக்குள் வைத்து, உள்ளே விளக்கை மட்டும் எரியவிடுவேன். ஒன்றுக்குக் கதகதப்பு, மற்றதற்குக் குளிர். மற்றபடி இரண்டும் ஒரே வேலைதான்.

ஆனால் மாவுக்கு மட்டும் எனக்குப் பெயர் கிடைத்தது. தெரிந்த பெண்கள் எல்லாம் போன் போட்டு யோசனை கேட்பார்கள். பீருக்கு? சனிக்கிழமைகளில் கராஜில் கூடும் ஆண்கள் என் கணவரின் முதுகைத் தட்டினார்கள். ஈஸ்டுக்கும் சமையல் சோடாவுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷர், கூசாமல் சிரித்துக்கொண்டு பாராட்டை வாங்கிக்கொண்டார். சமையலறையில் அவர்களுடைய மனைவிமார், குடிகாரனுக்கு வாக்கப்பட்டவள் என்று என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு குளிர்காலச் சனிக்கிழமை. அந்த வருஷ லாகர் நான் செய்ததிலேயே சிறந்தது. கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. மூன்றாவது கிளாஸுக்குக் கை நீட்டிய நண்பர் ஒருவர், எப்படி இவ்வளவு தெளிவாக வருகிறது என்று என் கணவரைக் கேட்டார். தினமும் நன்றாகக் கலக்கிவிட வேண்டும் என்று இவர் அளந்துவிட்டார். பஜ்ஜித் தட்டோடு வாசலில் நின்ற எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"கலக்கினா கெட்டுப்போயிடுங்க. இத பண்றது நான். அவர் இல்ல."

அந்த நண்பர் கையிலிருந்த கிளாஸை மெதுவாக வாஷிங் மெஷின் மேல் வைத்தார். அப்புறம் அதைத் தொடவே இல்லை. இன்னொருவர் ஜூஸ் இருக்கிறதா என்று கேட்டார். அதுவரை அமிர்தமாக இறங்கியது, ஒரு குடும்பப் பெண் காய்ச்சியது என்று தெரிந்ததும் தொண்டையில் இறங்க மறுத்தது. நான் சுட்ட பஜ்ஜியை மட்டும் ஒன்று விடாமல் தின்றார்கள்.

இரண்டு நாள் கழித்து இவர் அந்த நண்பரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"அவ சும்மா ஜோக் அடிச்சா பாஸ். நீங்க வேற, அத நம்பிட்டீங்களா?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. எல்லோருக்கும் நிம்மதி. என் படிப்பு, என் உழைப்பு, நான் பார்த்துப் பார்த்து வளர்த்த ஈஸ்ட் எல்லாம் ஒரு ஜோக். அன்று வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அதே ஆட்கள் வந்தார்கள். என் பாட்டில் ஒன்றைக்கூட நான் வெளியே எடுக்கவில்லை. கடையில் மலிவாகக் கிடைத்த பீரை வாங்கி, ஜக்கில் ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். அந்த நண்பர் ஒரே மூச்சில் அரை கிளாஸைக் காலி செய்துவிட்டு, "உங்க கைப்பக்குவமே தனி பாஸ்" என்றார்.

என் கணவர் ஒரு வாய் குடித்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. தலையை நிமிர்த்தி என்னை ஒருமுறை பார்த்தார்.

பிறகு நண்பர் பக்கம் திரும்பி, "தேங்க்ஸ் பாஸ்" என்றார்.