நான்காம் ஆண்டு வகுப்பில் சிரப் கலக்கிய நாள்

உலு திராம் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலையைப் பல வருடம் நடத்தியவன் நான். என் கைச் சாப்பாடு சாப்பிடாமல் அந்தப் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை கிடையாது. இன்றைக்கு டை கட்டிக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவர்கள்கூட என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். சும்மா சொல்லவில்லை, ஒரு நாள் என்னோடு டவுனுக்கு வந்து பாருங்கள்.

நான் படித்தது எஸ்டேட் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அதற்குப் பிறகு பண்டார் தெங்காரா பக்கம் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கினேன். சாலையோரக் கடையில் கிளாஸ் கழுவினேன். பாசிர் கூடாங் துறைமுகப் பக்கம் ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்குச் சொந்தக் கடை போட்டுத் தேநீர் ஆற்றினேன். எவனும் கைதூக்கி விடவில்லை. அதன் பிறகு பள்ளி ஒப்பந்தம் கிடைத்தது. அதை வைத்து வீடு கட்டினேன், இரண்டு மகள்களைப் பட்டதாரி ஆக்கினேன்.

நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றை, யார் வேண்டுமானாலும் செய்வார்கள். என் சிரப் தண்ணீரை எவனும் செய்ய முடியாது. ரோஜா நிறம், பாண்டான் இலை வாசம், மேலே மிதக்கிற ஐஸ். ஓய்வு மணி அடித்தால் பிள்ளைகள் அந்த வாளியைப் பார்த்துத்தான் ஓடி வருவார்கள். இனிப்பைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து எப்போதாவது ஒரு தாள் வரும். தலைமையாசிரியர் அதை என் கையில் கொடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் போவார்.

போன வருடம் ஒப்பந்தம் முடிகிற வருடம். மறுபடியும் எனக்கே கிடைக்க வேண்டுமென்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மனம் வைக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் நலக்கல்வி சொல்லித்தருகிற டீச்சர் வந்து நின்றார். சின்னப் பெண், என் இளைய மகள் வயதிருக்கும்.

“அங்கிள், ஒரு ஹெல்ப். நாலாம் ஆண்டுக்கு உணவுப் பாடம் நடத்துறேன். நீங்க வந்து சிரப் எப்படிக் கலக்குறதுன்னு காட்டணும்.”

“நானா? கிளாஸ்லயா?”

“உங்கள மாதிரி யாரு கலக்குவா அங்கிள்?”

அது உண்மைதானே. வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டேன். வாளி, கலவை, ஐஸ், சீனிப் பை எல்லாம் தூக்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போவது போலப் போனேன். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள், பெற்றவர்கள் கூட்டத்தில் பேசுவார்கள், ஒப்பந்தம் தன்னால் வரும் என்று நினைத்தேன்.

உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து, “வணக்கம் ஐயா!” என்றார்கள். அதுவரை நான் அவர்களுக்கு கேண்டீன் அங்கிள். மூன்றாம் வகுப்போடு நின்றவன் பலகைக்கு முன்னால் நின்று வாங்கிய வணக்கம் அது. நான் முன்னுக்கு வந்த கதையைக் கொஞ்சம் சொன்னேன். நன்றாகத்தான் கேட்டார்கள்.

டீச்சர் ஒரு வெறும் கிளாஸை என் முன்னால் வைத்தார். “தண்ணி அப்பறம் அங்கிள். மொதல்ல ஒரு கிளாஸுக்கு எவ்ளோ சீனி போகும்னு இந்தச் சின்னக் கரண்டியால போட்டுக் காட்டுங்க. பிள்ளைங்களா, எண்ணுங்க.”

“கைய சுருக்கிப் போட்டு எனக்குப் பழக்கமில்ல டீச்சர்” என்று சொல்லிக் கரண்டியைக் குவித்துக் குவித்துப் போட்டேன். பிள்ளைகள் முதலில் கூரை அதிர எண்ணினார்கள். போகப் போகச் சத்தம் குறைந்தது. கடைசிக் கரண்டியை முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும், ஏதோ பயந்தவள் மாதிரி எண்ணினாள். அதுவரை எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

டீச்சர் கிளாஸைத் தூக்கிக் காட்டினார். “இதத்தான் நாம தெனமும் குடிக்கிறோம். இது உடம்புக்குள்ள போய் என்ன செய்யும்?”

கைகள் உயர்ந்தன. பல் சொத்தையாகும். குண்டாகிவிடுவோம். பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்: “இனிப்பு நீர் வியாதி வரும் டீச்சர். எங்க தாத்தாவுக்குக் காலையே எடுத்துட்டாங்க.”

என் மனைவிக்கும் எடுத்தார்கள். முதலில் விரல், பிறகு முழங்கால் வரைக்கும். அதற்குப் பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை. என் வீட்டில் இன்றைக்கும் சீனி டப்பா கிடையாது.

“ஐயாவுக்குக் கைதட்டுங்க” என்றார் டீச்சர். தட்டினார்கள். ஒரு சொட்டுகூடக் கலக்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஓய்வு நேரத்தில் வாளி முன்னால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். நான்காம் ஆண்டு தண்ணீர்ப் போத்தலோடு வந்தது, மற்ற வகுப்புகளும் அதைப் பார்த்துச் செய்தன. கடைசிவரை எண்ணிய அந்தப் பெண் பக்கத்தில் வந்து, ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னாள்:

“அங்கிள், கவலப்படாதீங்க. ஒங்க மேல தப்பில்லன்னு டீச்சர் சொன்னாங்க. ஒங்களுக்குத் தெரியாதாம்.”

திருடன் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

சங்கக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். தலைவர் என் கையில் சாப்பிட்டு வளர்ந்தவர்தான், இப்போது லாரி வைத்திருக்கிறார்.

“அண்ணே, யாரும் ஒங்களக் குத்தம் சொல்லல. ‘தெரியாமப் போச்சு, இனிமே மாத்திக்கிறேன்’னு ஒரு வார்த்த சொல்லுங்க. மறுபடியும் ஒங்களுக்கே எழுதிக் குடுத்துருவோம். அவ்ளோதான் லா.”

டீச்சரும் எழுந்தார். “ஆமா, பாவம், அங்கிளுக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?”

அந்தப் ‘பாவம்’ என் நெஞ்சில் குத்தியது. ஒரு வார்த்தைதான். சொன்னால் சிற்றுண்டிச்சாலை என்னிடமே இருக்கும். சொல்ல வாய் வரவில்லை.

“யாருக்குத் தெரியாது? பொண்டாட்டி கால எடுத்தப்ப ஆஸ்பத்திரியில நின்னவன் நானு. சீனி என்ன செய்யும்னு இங்க இருக்கிற எல்லாரையும் விட எனக்குத் தெரியும்.”

“அலமாக்!” என்று வாயைப் பிளந்தார் யாரோ. ஒரு தாய் எழுந்தார். “தெரிஞ்சுமா எங்க பிள்ளைங்களுக்கு ஊத்துனீங்க?”

“நீங்க தெரியாமயா காசு குடுத்து அனுப்புனீங்க? ஸ்கூல் ஓட்டப் பந்தயத்தன்னிக்கு நீங்க எத்தன கிளாஸ் குடிச்சீங்கம்மா?”

அதற்கு மேல் அந்த அறையில் யாரும் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. ஒப்பந்தம் வேறு ஒருவருக்குப் போனது. ஆப்பிள் வெட்டி வைக்கிறாராம்.

சாவியை வாங்கச் சிற்றுண்டிச்சாலைக்கு வந்த தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டார். “ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே. நீங்க அதிகம் படிக்காதவர், யாரும் தப்பா நெனச்சிருக்க மாட்டாங்க.”

“சார், நான் படிக்காதவன்னு ஊரு பூராவும் சொல்றவன் நானு. ஆனா அத நான்தான் சொல்லணும்.”

மேசையில் சாவியை வைத்தேன். அவர் கை பழைய பழக்கத்தில் சிரப் வாளி வைக்கிற பக்கம் நீண்டு, நடுவில் நின்றது. அன்றைக்கு நான் எதுவும் கலக்கவில்லை.