காய்ச்சல் விட்டதும் கபடியா?

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் யாழினிக்குக் காய்ச்சல், தொண்டைவலி. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. காய்ச்சல் விட்டதும் கபடிப் போட்டிக்குக் கிளம்பினாள். முகம் வாடியிருந்ததால், தடுத்து நிறுத்தி ஓசூரில் டாக்டரிடம் காட்டினேன்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர், ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்கச் சொன்னார்.

"எச்சில் வழியா பரவுற ஒரு ஹெர்பிஸ் வகை வைரஸ்மா. இவ உடம்பு அதோட சண்டை போடுது. அதுலதான் மண்ணீரல் வீங்கியிருக்கு. அடிபட்டா கிழிஞ்சிடும், உயிருக்கே ஆபத்து. நான் சொல்ற வரைக்கும் கபடி வேணாம்" என்றார், முடிவுகளைப் பார்த்துவிட்டு.

யாழினி அழுதாள்.

"உனக்குள்ளயே மேட்ச் நடக்குது கண்ணு, மொதல்ல அது முடியட்டும்" என்று அணைத்துக்கொண்டேன்.

"அதுல நான்தாம்மா ஜெயிப்பேன்" என்றாள் கண்ணைத் துடைத்தபடி.

ஜெயித்தும் விட்டாள். இப்போதெல்லாம் காய்ச்சல் வந்து போனால், "விளையாடலாமா டாக்டர்?" என்று கேட்ட பிறகே அனுப்புகிறேன்.

– ம. செல்வி, சூளகிரி