கதவைத் தட்டிய கவி

என் கல்யாணத்தை நினைத்தால் மாப்பிள்ளையின் முகம் எனக்கு முதலில் வருவதில்லை. ஒரு பொம்பிளையின் தடித்த குரல்தான் வருகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கேட்ட குரல், இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

எங்கள் வீடு சாய்ந்தமருதில், மாப்பிள்ளை வீடு மருதமுனையில். கல்யாணத்தன்று பின்னேரம் இரண்டு பக்கத்துப் பெண்களும் எதிரெதிரே பாய் விரித்து உட்கார்ந்து கவியால் மோதுவார்கள். மாப்பிள்ளை பக்கத்தாள் ஆணாகப் பாட வேண்டும், எங்கள் பக்கத்தாள் பெண்ணாக நின்று பதில் கட்ட வேண்டும். பதில் வராவிட்டால் தோல்வி. வென்ற பக்கம் குரவை போட்டே காதைச் செவிடாக்கிவிடும்.

எங்கள் பக்கம் பாட உட்கார்ந்தது என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா. அவளுடைய புருஷன் மீன்பிடிக்கப் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. தோணியும் வரவில்லை, கபுறில் அடக்க மையத்தும் ஒதுங்கவில்லை. மையத்தைக் காணாமல் மௌத்தென்று எப்படிச் சொல்வதென்று உம்மா அவளை, கைம்பெண்கள் வெள்ளை உடுத்தி வீட்டுக்குள் அடைந்திருக்கும் இத்தா இருக்க விடவில்லை. மௌத்து என்று சாவுப் பேச்சை யாராவது எடுத்தாலே விளக்குமாற்றைத் தூக்குவாள். அதனால் ராத்தா கலர்ச் சேலையும் கை நிறைய வளையலுமாகத் திரிந்தாள். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடமாட்டாள். பொஞ்சாதியும் இல்லை, கைம்பெண்ணும் இல்லை. அல்லாஹ்வே, அதுவும் ஒரு வாழ்க்கையா!

எதிரே இருந்தவள் மாப்பிள்ளையின் மாமி. பெரிய வாய்க்காரி, ஆனால் நெஞ்சில் கள்ளமில்லாதவள். ராத்தாவின் வளையலைப் பார்த்துப் புருஷன்காரன் ஊரில்தான் இருக்கிறான் என்று நினைத்துவிட்டாள், பாவி. சிரித்துக்கொண்டே ஆண்குரலில் எடுத்தாள்:

தோணி கரைசேர்ந்து
தோள்வலையும் நனைஞ்சிரிக்கி
வாசல் திற கண்ணே
வந்து நிக்கன் உன் மச்சான்

எங்கள் பக்கத்துச் சிரிப்பு அப்படியே அடங்கிப்போனது. சத்தியமாகச் சொல்கிறேன், மச்சானே வெளியில் நின்று கூப்பிடுவதுபோலத்தான் கேட்டது. ராத்தாவும் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னகா, வாயடைச்சுப் போச்சா?" என்று தொடையில் தட்டினாள்.

"போதும், நிப்பாட்டுங்க!" என்று உம்மா எழும்பினாள். ராத்தா கையைக் காட்டி உம்மாவை இருக்கச் சொன்னாள். பிறகு வாசலைப் பார்த்தபடியே பாடினாள்:

கதவத் தட்டாதீங்க மச்சான்
கடலுக்குள்ள கண்ணுறங்குங்க
உப்புத் தண்ணி கபுறாச்சு
உங்களுக்கு நான் ஓதுறன்

நாங்கள் வென்றுவிட்டோம். குரவை போட ஒருத்திக்கும் நாக்கு எழும்பவில்லை. விஷயம் விளங்கியதும் மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன், கல்யாணப் பெண்ணாம்! ராத்தா மட்டும் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாயில் வைத்தாள்.

"உம்மா, வெள்ளைச் சேலை எடுத்து வைங்க. நான் இத்தா இருக்கப் போறன்."

"அவர் மௌத்தெண்டு ஆரு மகள் சொன்ன?" உம்மா கத்தினாள்.

"நான்தான் உம்மா. இப்ப அவருக்கிட்டயே சொல்லிட்டன்."